குழலுக்கும் குண்டுக்கும் பொருத்தம்

சிராங்கூன் சாலையில் லிட்டில் இந்தியாவைக் கடந்து வடக்கு நோக்கிச் செல்வோர், சற்றுத் தொலைவில் இடப்புறமாகப் பிரியும் பாலஸ்டியர் சாலையைக் காண்பர். அமெரிக்க நாட்டின் முதல் தூதராக இத்தீவுக்கு வந்த ஜோசப் பாலஸ்டியர் கரும்புத் தோட்டம் வைத்துப் பொருளிழந்த நிலம் அது. கரும்பு போன பிறகு அச்சமவெளியின் ஒரு பகுதி துப்பாக்கி சுடும் திடலாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வெளிவந்த இந்நகரின் ஆங்கில நாளேடுகளைப் புரட்டினால், 'பாலஸ்டியர் ரேஞ்ச்' என்னும் தலைப்பின்கீழ் இன்னார் இத்தனை கெசத்திலிருந்து இத்தனை புள்ளி எடுத்தார் என்ற பட்டியல்களைக் காணலாம். 1920களில் புக்கிட் தீமாவில் வேறு திடல் அமைந்தது. அதற்குச் செல்லும் வழியே இன்றைய ரைபிள் ரேஞ்ச் சாலை. அச்சாலையின் பெயரைத் தாங்கிய இயற்கைப் பூங்கா ஒன்று 2022இல் திறக்கப்பட்டது. அங்கே குரங்கையும் பறவையையும் காணச் செல்லும் மாணவரிடம் அப்பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பெரும்பாலும் விழிப்பர்.

துப்பாக்கியின் வரலாறு தமிழ் படிப்போருக்கு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். நம் பாடநூல்களில் 1857 வருகிறது, 1942 வருகிறது, தேசிய சேவை வருகிறது. இம்மூன்றின் நடுவிலும் ஒரு தோட்டா கிடக்கிறது. அத்தோட்டா எவ்வாறு செய்யப்பட்டது, அது ஒரு குழலுக்கு ஏன் பொருந்தியது அல்லது பொருந்தவில்லை, பொருத்தும் உரிமை யாரிடம் இருந்தது என்பவற்றை அறியாமல் அப்பாடங்களை நடத்துவது, யாப்பு அறியாமல் வெண்பாவுக்கு உரை சொல்வதை ஒக்கும்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஒரே தொழிற்சாலையில், ஒரே நாளில், ஒரே அளவில் செய்யப்பட்ட இரண்டு ரைபிள்களை எடுத்து, ஒரே பெட்டித் தோட்டாக்களை இரண்டிலும் இட்டுச் சுட்டால், ஒன்று உள்ளங்கை அளவிலும் மற்றொன்று முழத்தட்டு அளவிலும் குறியைச் சிதறடிக்கக்கூடும். இரண்டும் நல்ல துப்பாக்கிகளே, தோட்டாவும் நல்லதே. பொருத்தம்தான் இல்லை. நம்மவர் மணமக்களுக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பதுபோல, குழலின் உள்விட்டம், அதன் மரைவரிகளின் முறுக்கு, குண்டின் நீளம், எடை, மருந்தின் அளவு, அது எரியும் வேகம், குண்டு கூட்டுக்குள் எவ்வளவு ஆழம் அமர்ந்திருக்கிறது என்பன யாவும் ஒத்துவர வேண்டும். இவற்றை ஒவ்வொன்றாகக் கையால் அளந்து தம் துப்பாக்கிக்கெனத் தாமே தோட்டா அடைத்துக்கொள்வோர் மேலைநாடுகளில் பலர் உளர்.

இது துப்பாக்கியோடு பிறந்த சிக்கலன்று. புறநானூற்றில் வன்பரணர் பாடிய வல்வில் ஓரி, ஒரே கணையால் யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் துளைத்த கதையை மாணவர் அறிவர். புலவரின் மிகை எவ்வளவாயினும், வில்லாளிகள் இன்றும் ஒப்புக்கொள்ளும் உண்மையொன்று உண்டு. வில்லின் இழுவிசைக்கும் அம்புத் தண்டின் விறைப்புக்கும் இணக்கம் இல்லாவிடில், எத்தகைய வல்லவன் எய்தாலும் அம்பு விலகியே போகும். ஓரியின் புகழில் பாதி அவன் தேர்ந்தெடுத்த கணைக்கு உரியது என்று சொன்னால் வன்பரணர் சினந்துகொள்ள மாட்டார்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகள் நம் நாட்டைப் பிடித்த காலத்தில் ஏந்திய 'பிரௌன் பெஸ்' துப்பாக்கியில் பொருத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வழவழப்பான குழல். அதன் உள்விட்டம் ஏறத்தாழ 0.75 அங்குலம், உருண்டையான ஈயக் குண்டோ 0.69 அங்குலம். இடைவெளி வேண்டுமென்றே விடப்பட்டது. கரிமருந்து எரிந்தால் குழலுக்குள் கரிப்படலம் படியும். குண்டு இறுக்கமாக இருந்தால் நாலைந்து வேட்டுக்குப் பின் அதை உள்ளே தள்ள முடியாது. ஆகவே குண்டு குழலுக்குள் தத்தித் தத்தி வெளியேறி, கடைசியாக எப்பக்கம் மோதியதோ அப்பக்கத்தை ஒட்டிப் பறந்தது. நூறு கெசத்துக்கு அப்பால் ஒருவனைக் குறிபார்ப்பது வீண் வேலை. எனவேதான் வரிசையாக நின்று ஒருங்கே சுட்டனர்.

குழலின் உட்சுவரில் மரைவரிகள் வெட்டி, குண்டைச் சுழலச் செய்தால் அது நேராகச் செல்லும் என்பது ஐரோப்பியருக்குப் பல நூற்றாண்டுகளாகத் தெரியும். ஆனால் வரிகளைப் பற்ற வேண்டுமாயின் குண்டு இறுக்கமாக இருக்க வேண்டும். இறுக்கமான குண்டை வாய்வழியாக இடித்து இறக்க நேரமாகும். எளிதாக உள்ளே செல்ல வேண்டும், இறுக்கமாக வெளியே வரவும் வேண்டும். இம்முரணைத் தீர்த்தவர்களுள் பெயர்பெற்றவர் பிரெஞ்சுப் படைத்தலைவர் மினியே. 1849இல் அவர் அமைத்த நீள்குண்டின் அடிப்பகுதி குடைவாக இருந்தது. மருந்து வெடித்ததும் அக்குடைவு விரிந்து வரிகளைப் பற்றிக்கொண்டது. அக்கருத்தின் வழிவந்ததே 1853ஆம் ஆண்டின் என்பீல்டு ரைபிள். அதன் உள்விட்டம் 0.577 அங்குலம், முதலில் வந்த குண்டு 0.568 அங்குலம். இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்பது பங்கு. ஒரு பேரரசின் தலைவிதி அந்த ஒன்பது பங்கில் சிக்கிக்கொண்டது எனின் மிகையாகாது.

எவ்வாறு என்று விளக்க வேண்டும். தோட்டா என்பது அக்காலத்தில் ஒரு காகிதக் குழாய். அதில் மருந்தும் குண்டும் இருக்கும். வீரன் அதன் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலுக்குள் கொட்டி, மறுமுனையைத் திருப்பி, குண்டைச் சுற்றிய காகிதத்தோடு உள்ளே இடித்து இறக்க வேண்டும். அக்காகிதமே இடைவெளியை நிரப்பும் உறை. இவ்வளவு நெருக்கமான பொருத்தத்தில் காகிதம் வழுக்கிச் செல்லவும், கரிப்படலம் இளகவும் கொழுப்புத் தடவுவது இன்றியமையாததாயிற்று. மெழுகோடு மிருகக் கொழுப்பைக் கலந்தனர். எந்த மிருகத்தின் கொழுப்பு என்று யாரும் உறுதியாகக் கேட்டு வாங்கவில்லை. கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் 1857 ஜனவரியில் ஒரு கலாசி, பிராமணச் சிப்பாய் ஒருவரிடம் இதைச் சொல்லிவிட்டதும், செய்தி பாளையம் பாளையமாகப் பரவியதும் வரலாறு. மார்ச்சு 29இல் பராக்பூரில் மங்கள் பாண்டே; ஏப்ரல் 24இல் மீரத்தில் தோட்டாவைத் தொட மறுத்த 85 குதிரைவீரர்; மே 10இல் பெருந்தீ.

நம் பாடநூல்கள் பல இதைச் 'சிப்பாய்களின் சமய அச்சம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. மாணவன் மனத்தில் அது மூடநம்பிக்கை என்றே பதிகிறது. யான் இதனோடு உடன்படேன். அயோத்தி அரசைக் கவர்ந்தது, படித்தொகைக் குறைப்பு, நிலவரி எனக் காரணங்கள் பல இருந்தன, அவை தனி. தோட்டாவை மட்டும் எடுத்துக்கொண்டாலும், சிப்பாயின் ஐயம் அறிவுக்கு ஒவ்வாததன்று. கொழுப்பு தடவப்பட்டது உண்மை. அது எவ்விலங்கினது என்பதற்கு அதிகாரிகளிடமே விடை இருக்கவில்லை. சிப்பாய்கள் தாம் விரும்பும் பொருளைத் தாமே தடவிக்கொள்ளலாம் என்று ஜனவரி இறுதியிலேயே ஆணை பிறந்தது. பல்லால் கடிப்பதற்குப் பதிலாகக் கையால் கிழிக்கலாம் என்று பயிற்சிமுறையும் மாற்றப்பட்டது. அஞ்சியது வெறும் கற்பனையாயின், இம்மாற்றங்கள் எதற்கு? இன்னும் ஒன்று. பின்னர் அவ்வரசே குண்டின் விட்டத்தை 0.550 அங்குலமாகக் குறைத்து, மெழுகை மட்டும் தடவும் முறைக்கு வந்தது. இடைவெளி மும்மடங்காயிற்று, குண்டும் எளிதாக இறங்கியது. அதாவது, மனிதனின் வாயை வற்புறுத்தாமல் குண்டைச் சற்று மாற்றியிருந்தால் போதுமென்பதை நெருப்பு அணைந்த பிறகே கண்டுகொண்டனர். மீரத்தில் மறுக்கப்பட்டவை புதிய தோட்டாக்களே அல்ல, வழக்கமாக அவர்கள் பயன்படுத்திவந்த பழையவையே என்பது இக்கதையின் கசப்பான ஓரம். நம்பிக்கை கெட்ட பிறகு எந்தத் தோட்டாவும் பொருந்துவதில்லை.

அப்போது சிங்கப்பூர் கம்பெனியின் ஆட்சியில் இருந்தது. 1819இல் ராபிள்ஸ் வந்தபோது உடன்வந்தவர்கள் வங்காளக் காலாட்படைச் சிப்பாய்கள். பிற்காலத்தில் காவல்படை சென்னைச் சுதேசிப் படையிலிருந்து வந்தது. ஊட்ரம் பக்கத்துச் 'சிப்பாய் லைன்ஸ்' என்னும் பெயர் அவர்கள் குடியிருப்பின் எச்சம். தமிழும் தெலுங்கும் பேசிய அவ்வீரர்கள் 1857இல் கிளர்ந்தெழவில்லை. ஆயினும் இந்நகரத்து ஐரோப்பியர் நடுங்கினர். இந்தியக் கைதிகள் ஆயிரக்கணக்கில் இங்கு இருந்தனர்; வட இந்தியக் கிளர்ச்சியாளரையும் இங்கே அனுப்பிவிடுவார்களோ என்ற கலக்கம் வேறு. அவ்வாண்டே அவர்கள் கூடி, இந்திய ஆட்சியிலிருந்து தம்மைப் பிரித்துவிடுமாறு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பினர். 1867 ஏப்ரல் 1இல் நீரிணைக் குடியேற்றங்கள் நேரடி முடியாட்சியின்கீழ் வந்தன. டம்டம்மின் காகிதத் தோட்டாவுக்கும் சிங்கப்பூர் தனிக் குடியேற்றமானதற்கும் உள்ள இவ்விழையை நம் நூல்கள் இன்னும் அழுத்தமாகக் காட்டலாம்.

1854இல் சீனக் குழுக்களிடையே மூண்ட கலவரத்துக்குப் பின் ஐரோப்பியர் தமக்கெனத் 'தொண்டூழிய ரைபிள் படை' ஒன்றை அமைத்துக்கொண்டிருந்தனர். அப்பெயரில் உள்ள 'ரைபிள்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஏனெனில் 1857க்குப் பின் இந்தியச் சிப்பாய்க்கெனப் பிரிட்டிஷார் தனியாக ஒரு துப்பாக்கி செய்தனர். வெளித்தோற்றத்தில் அது என்பீல்டு. உள்ளேயோ மரைவரி கிடையாது. 0.656 அங்குல வழவழப்புக் குழல். நேராகச் சுடும் தொழில்நுட்பத்தை அறிந்த ஓர் அரசு, தன் ஏவலில் நிற்பவன் நேராகச் சுடக்கூடாதென்று, வெட்டியிருக்க வேண்டிய வரிகளை வெட்டாமலே விட்டது. கோணலாகச் சுடும் துப்பாக்கி ஒன்றை முயன்று வடிவமைத்த செயல் உலக வரலாற்றில் அடிக்கடி நிகழ்ந்ததன்று. அதற்குப் பின்னும் ஒரு தலைமுறை பின்தங்கிய ஆயுதமே இந்தியர்க்கு என்பது எழுதப்படாத விதியாயிற்று. ஆங்கிலேயன் மார்டினி ஏந்தியபோது இந்தியன் கையில் ஸ்னைடர். ஆங்கிலேயனுக்கு லீ-மெட்போர்டு வந்தபோது இந்தியனுக்கு மார்டினி. 1897ஆம் ஆண்டின் எல்லைப்புறப் போரில்கூட இந்நிலையே.

இனி இங்கிலாந்தில் நடந்ததைக் காண்போம். அதே 1857ஆம் ஆண்டில், மான்செஸ்டர் பொறியாளர் ஜோசப் விட்வொர்த், அறுகோண வடிவில் குழல் துளைத்து, அதே அறுகோண வடிவில் குண்டும் வார்த்து, ஹைத் நகரில் சோதனைக்குக் கொண்டுவந்தார். உள்விட்டம் 0.451 அங்குலம். என்பீல்டின் வரிகள் 78 அங்குலத்தில் ஒருமுறை சுற்றின. விட்வொர்த்தினுடையவை 20 அங்குலத்தில் ஒருமுறை சுற்றின. ஐந்நூறு கெசத்தில் என்பீல்டின் சராசரி விலகல் இரண்டேகால் அடி. விட்வொர்த்தின் விலகலோ அரையடிக்கும் குறைவு. 1860இல் விம்பிள்டனில் தேசிய ரைபிள் சங்கத்தின் போட்டியைத் தொடங்கிவைத்த விக்டோரியா அரசி, தாங்கியில் பொருத்திய விட்வொர்த் ரைபிளின் விசையை ஒரு கயிற்றால் இழுத்தார். 400 கெசத்தில் குண்டு நடுப்புள்ளியிலிருந்து ஒன்றரை அங்குலத்தில் பதிந்தது. எனினும் படையினர் அதை ஏற்கவில்லை. பொருத்தம் மிகுந்திருந்ததே அதன் குறை. கரி படிந்தால் அடைத்துக்கொண்டது, விலையும் பெரிது.

நடுவழி கண்டவர் வில்லியம் மெட்போர்டு. இவர் 1857இல் கிழக்கிந்திய இரயில்வேயில் பணியேற்று முங்கேர் நகரில் இருந்தவர். கிளர்ச்சிக் காலத்தில் உழைத்து உடல்நலம் குன்றி, அடுத்த ஆண்டே தாயகம் திரும்பினார். மென்மையான ஈயம் விரிந்து பற்ற வேண்டும் என்ற கொள்கையை விட்டு, கடினமாக்கிய குண்டையும் மிக ஆழமற்ற வரிகளையும் இணைத்தார். கரிமருந்துக்கு அது கச்சிதமான பொருத்தம். வரிகள் ஆழமற்றவை ஆதலால் கரி தங்க மூலையில்லை. 1888இல் பிரிட்டிஷ் படை ஏற்ற லீ-மெட்போர்டு ரைபிளின் ஏழு வரிகள் அவருடையவை, உள்விட்டம் 0.303 அங்குலம்.

பொருத்தம் என்பது நிலையானதன்று என்பதற்கு அடுத்து நடந்ததே சான்று. 1890களின் தொடக்கத்தில் கரிமருந்து போய், கார்டைட் என்னும் புகையற்ற மருந்து வந்தது. கயிறு போன்ற இழைகளாகப் பிழியப்பட்டதால் அப்பெயர். அது மிகுந்த வெப்பத்தோடு எரிந்து, மெட்போர்டின் மெல்லிய வரிகளைச் சில ஆயிரம் வேட்டுகளிலேயே அரித்துத் தின்றது. குண்டு அதுவே, குழலும் அதுவே. மருந்து மாறியதும் மணமுறிவு. ஆகவே 1895இல் ஐந்து ஆழமான வரிகளோடு லீ-என்பீல்டு பிறந்தது. மருந்திலும் நைட்ரோகிளிசரினைக் குறைத்தனர். ஈண்டு ஒரு வேடிக்கை. குழலுக்கு வழுவழுப்பூட்டும் என்றெண்ணி அம்மருந்தில் வாசலின் சேர்த்தனர். அது அவ்வேலையைச் செய்யவில்லை. ஆனால் மருந்து கெடாமல் நெடுநாள் காத்தது. தவறான காரணத்துக்காகச் சேர்த்த பொருள் சரியான காரணத்துக்காக நிலைத்துவிட்டது.

இம்மருந்தை இந்தியாவில் காய்ச்சிய இடம் நீலகிரியில், குன்னூரை அடுத்த அருவங்காடு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கார்டைட் தொழிற்சாலை எழுந்தது. அருகிலுள்ள காட்டேரி நீர்வீழ்ச்சியிலிருந்து எடுத்த மின்விசை அதற்குப் பயன்பட்டது. மலை இரயிலில் உதகைக்குச் செல்வோர் அந்நிலையத்தைக் கடந்தே செல்வர். இன்று அது இந்திய அரசின் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின்கீழ் இயங்குகிறது. இரு உலகப் போர்களிலும் இந்தியப் படைகள் சுட்ட 303 தோட்டாக்களுக்குப் பின்னால், நீலகிரிப் பனியில் வேலைக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் கைகள் இருந்தன. கல்கத்தாவும் டம்டம்மும் பாடநூலில் இருக்க, அருவங்காடு இல்லாதிருப்பது நம் குறை. டம்டம்முக்கு வேறு ஒரு புகழும் உண்டு. 1890களில் அங்கே பெர்ட்டி-கிளே என்னும் அதிகாரி, உறையின் நுனியைத் திறந்துவிட்ட, உடலுக்குள் விரிந்து கிழிக்கும் குண்டைச் செய்தார். 1899இல் ஹேக் மாநாடு அத்தகைய குண்டுகளைப் போரில் விலக்கியது. ஊரின் பெயர் மட்டும் அகராதிகளில் தங்கிவிட்டது.

1910இல் 303 தோட்டாவின் ஏழாம் வகை வந்தது. முன்பிருந்த 215 கிரெயின் மொட்டைமூக்குக் குண்டுக்குப் பதில் 174 கிரெயின் கூர்மூக்குக் குண்டு. வேகம் நொடிக்கு 2,440 அடி. பழைய ரைபிள்களின் குறிகாட்டிகள் எல்லாம் ஒரே நாளில் பொய்யாயின. தோட்டாவை மாற்றினால் துப்பாக்கியைத் திருத்த வேண்டும் என்ற பாடத்தைப் படைக்கிடங்குகள் அலுப்போடு கற்றன. அதே காலத்தில் அறிஞர் சிலர், குழல் சுடும்போது வீணைத் தந்திபோல் அதிர்கிறது என்பதை ஆராய்ந்தனர். மாலக் என்பவர் 1901இல் இதுபற்றி அரச கழகத்தில் கட்டுரை அளித்தார். லீ-என்பீல்டின் அதிர்வில் விந்தை ஒன்றுண்டு. சற்று மெதுவாகச் செல்லும் குண்டு, குழல்முனை மேல்நோக்கி எழும் கணத்தில் வெளியேறுகிறது. வேகமான குண்டு அதற்கு முன்பே போய்விடுகிறது. ஆகவே நெடுந்தொலைவில் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தை அடைகின்றன. அண்மையில் சுமாராகச் சுடும் ரைபிள் 800, 1,000 கெசத்தில் வியக்கத்தக்கவாறு சுட்டதன் மருமம் இதுவே. அந்த ரைபிளின் கட்டையும் நான்கு நீளங்களில் செய்யப்பட்டது. ஏந்துபவனின் கைநீளத்துக்கும் பொருத்தம் வேண்டுமென்று அப்போதுதான் உணர்ந்தார்கள் போலும்.

தனி மனிதர் தம் கையால் தோட்டா அடைக்கும் கலை இவ்வறிவின்மேல்தான் நிற்கிறது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்து மருத்துவர் பிராங்க்ளின் மான், நோயாளிகளைவிடக் குண்டுகளை மிகுதியாக ஆராய்ந்தாரோ என்று தோன்றும்படி உழைத்து, 1909இல் குண்டின் பயணம்பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். அவர்வழி வந்தோர் செய்வது இதுவே. தம் துப்பாக்கியில் ஒருமுறை சுட்ட பித்தளைக் கூட்டையே மீண்டும் எடுத்துக்கொள்வர். அது அத்துப்பாக்கியின் அறைக்கேற்ப விரிந்து வடிவம் பெற்றிருக்கும். கூடுகளையும் குண்டுகளையும் நிறுத்து ஒத்த எடையுள்ளவற்றைப் பிரிப்பர். மருந்தை அளவறிந்து சிறுகச் சிறுக மாற்றி, ஒவ்வோர் அளவிலும் சில வேட்டுகள் சுட்டு, எந்த அளவில் துளைகள் நெருங்கி விழுகின்றன என்று குறித்துக்கொள்வர். பிறகு குண்டின் மூக்குக்கும் மரைவரியின் தொடக்கத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை மயிரிழை அளவில் மாற்றிப் பார்ப்பர். அவ்வாறு கண்ட அளவு அந்த ஒரு குழலுக்கே உரியது. அடுத்தவர் துப்பாக்கிக்கு அதைக் கடன் கொடுக்க முடியாது, கொடுத்தால் ஆபத்தும்கூட. வெயில் ஏறினால் மருந்து விரைந்து எரியும் என்பதால் குளிர்காலத்தில் கண்ட பொருத்தம் கோடையில் பிறழ்வதும் உண்டு. சிங்கப்பூரில் இக்கலைக்கு இடமில்லை. 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டம் அத்துணைக் கடுமையானது; அது நன்மைக்கே என்பது என் கருத்து.

தமிழகத்தில் இதன் எளிய வடிவத்தை அறிந்தவர்கள் நரிக்குறவர். வாய்வழி மருந்திடும் நாட்டுத் துப்பாக்கியில் எந்தப் பறவைக்கு எவ்வளவு மருந்து, எவ்வளவு ரவை, எவ்வளவு இறுக்கி இடிப்பது என்பதைத் தந்தை மகனுக்குக் கற்பித்தான். அளவுகோல் உள்ளங்கைதான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தபின் ஊசிமணி பாசிமணியே அவர்களுக்குப் பிழைப்பாயிற்று. அவ்வறிவை எழுதிவைத்தவர் நமக்குள் அரியர்.

மீண்டும் இத்தீவுக்கு வருவோம். 1915 பிப்ரவரி 15இல் அலெக்சாண்டிரா பாளையத்தில் ஐந்தாம் இலகு காலாட்படையினர் ஹாங்காங்கிற்குக் கப்பலேற ஆயத்தமாயினர். தோட்டாப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த வேளையில் ஒரு வேட்டு எழுந்தது, கிளர்ச்சி வெடித்தது. பின்னர் 47 சிப்பாய்கள் ஊட்ரம் சிறைப் பக்கத்தில் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

1942 பிப்ரவரி 17இல் லிட்டில் இந்தியாவை ஒட்டிய பேரர் பார்க் திடலில், முன்பு குதிரைப் பந்தயம் நடந்த அப்புல்வெளியில், நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட இந்திய வீரர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அங்கிருந்து எழுந்ததே இந்திய தேசிய ராணுவம். 1943 அக்டோபரில் வாட்டர்லூ தெருவில் ஜான்சிராணிப் படையின் முகாம் திறக்கப்பட்டது. சென்னை மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் சேர்ந்த பெண்களுள் பெரும்பாலோர் மலாயா இரப்பர்த் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள். பால்மரக் கத்தி பிடித்த கையில் ரைபிள் ஏறியது. அந்த ரைபிள், பிரிட்டிஷார் விட்டுச்சென்ற லீ-என்பீல்டு.

இங்கே பொருத்தம் மீண்டும் குறுக்கிட்டது. ஜப்பானியத் தரைப்படையின் ரைபிள்கள் 6.5, 7.7 மில்லிமீட்டர் அளவின. 303 என்பதும் மில்லிமீட்டரில் 7.7தான், காகிதத்தில் இரண்டும் ஒன்றே. ஆனால் ஜப்பானியத் தரைப்படையின் கூடு நீளமும் அடிவடிவும் வேறு. லீ-என்பீல்டின் அறையில் நுழையாது. ஜப்பானியக் கடற்படை மட்டும் பிரிட்டிஷ் அளவைப் பின்பற்றிய தோட்டாவை இயந்திரத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தியது. கூட்டாளியின் தோட்டா பொருந்தாது. பகைவனின் தோட்டாவே பொருந்தும். கைப்பற்றிய இருப்பு தீர்ந்தால் அடுத்த பெட்டியைப் போர்க்களத்தில் பறித்தால்தான் உண்டு. இம்பால் தோல்விக்கு மழையும் பட்டினியும் நோயும் முதற்காரணங்கள் என்பதில் ஐயமில்லை. எனினும் தானே தோட்டா செய்ய இயலாத ஒரு படை எத்தகைய இடரில் நின்றது என்பதை மாணவர்க்குச் சொல்ல வேண்டும்.

விடுதலை பெற்ற சிங்கப்பூர் இதை மறக்கவில்லை. 1967இல், தேசிய சேவை வந்த அதே ஆண்டில், சார்ட்டர்டு இன்டஸ்ட்ரீஸ் என்னும் நிறுவனம் நிறுவப்பட்டது. முதல் நோக்கம் தோட்டா. அடுத்த ஆண்டு அந்நிறுவனத்தின் ஒரு பிரிவாகவே நாணயச்சாலையும் அமைந்தது. பித்தளையை அழுத்தி வடிக்கும் கை, நாணயத்தையும் அச்சிடும் போலும். பின்னர் கோல்ட் நிறுவனத்தின் உரிமத்தின்பேரில் எம் 16 ரைபிளும் இங்கே செய்யப்பட்டது. அதன் வரிகள் 12 அங்குலத்தில் ஒருமுறை சுற்றும். 55 கிரெயின் குண்டுக்கு அது போதும். 1980இல் நேட்டோ நாடுகள் ஏற்ற புதிய குண்டு 62 கிரெயின். எஃகு நுனி கொண்டமையால் சற்றே நீளமும் மிகுதி. நீளக் குண்டு நிலைபெற விரைவான சுழற்சி வேண்டும். அதை 12 அங்குல முறுக்குள்ள குழலில் இட்டால் பம்பரம் தள்ளாடுவதுபோல் தடுமாறும். அதற்கு ஏழு அங்குலத்தில் ஒரு சுற்று வேண்டியதாயிற்று. குண்டின் நீளத்துக்கும் முறுக்குக்கும் உள்ள இத்தொடர்பை, கணித அறிஞர் கிரீன்ஹில் 1879லேயே வாய்பாடாக்கிவிட்டார். தேசிய சேவையில் எம் 16 ஏந்திய நம் பிள்ளைகள் பலர், அதன் வரிகள் எத்தனை அங்குலத்தில் சுற்றுகின்றன என்று எண்ணியிருக்க மாட்டார்கள். எண்ண வேண்டிய தேவை இல்லாதபடி குழலும் தோட்டாவும் ஒரே கூரையின்கீழ் பிறந்தன.

போர்க்களத்தைவிட நுட்பமான பொருத்தம் இன்று விளையாட்டரங்கில் உள்ளது. 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 50 மீட்டர் ரைபிள் பிரிவில் தங்கம் வென்ற சிங்கப்பூர் வீராங்கனை ஜாஸ்மின் செர் சுட்ட இலக்கின் நடுவட்டம் 10.4 மில்லிமீட்டர். 10 மீட்டர் காற்று ரைபிளில் அது அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. கடலூரில் 1999இல் பிறந்து, டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவுக்காகச் சுட்ட இளவேனில் வாலறிவன் ஆடுவது இப்பிரிவில். குறளின் கடவுள் வாழ்த்துச் சொல்லொன்று ஒலிம்பிக் அறிவிப்புப் பலகையில் ஏறியதைத் தமிழாசிரியர் மகிழ்வோடு குறித்துக்கொள்ளலாம். இவ்விளையாட்டில் ஈயக் குண்டுகள் 4.48 முதல் 4.52 மில்லிமீட்டர் வரை, நூற்றில் ஒரு பங்கு வேறுபாட்டில் தனித்தனி டப்பாக்களில் வருகின்றன. ரைபிளின் குழலை இரும்புப் பிடியில் அசையாமல் இறுக்கி, ஒவ்வோர் அளவிலும் ஒவ்வொரு தொகுதியிலும் சுட்டுப் பார்க்கின்றனர். ஐரோப்பாவின் தோட்டாத் தொழிற்சாலைகள் 50 மீட்டர்ப் போட்டியாளர்களுக்கென இத்தகைய சோதனைக்கூடங்களையே வைத்துள்ளன. வீரர்கள் தம் துப்பாக்கியோடு அங்கே பயணம் செய்கின்றனர். துளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் தொகுதி எதுவோ, அதே எண்ணிட்ட பெட்டிகளை மொத்தமாக வாங்கிக்கொண்டு திரும்புகின்றனர். அக்குழல் தேய்ந்து மாற்றப்படும்போது, மீதமுள்ள பெட்டிகள் வேறொருவருக்குப் போகும். புதிய குழலுக்குப் பொருத்தம் பார்க்கும் வேலை முதலிலிருந்து தொடங்கும்.